இருபது ஜிபியில் ஒரு வாக்கியம்

கல்யாண வீடியோ எடிட்டரின் மனைவி ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க மூன்று மழைக்காலங்கள் ஆயின. இதில் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவர் வாயைத் திறந்தபோது எதிர்வீட்டில் மாடி கட்ட அஸ்திவாரத்தைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வாயை மூடியபோது அந்த மாடிக்கு இரண்டாவது குடித்தனம் வந்து, தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டையும் போட்டு முடித்திருந்தது. அவர் பிறவியிலேயே மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஒரே மூச்சில் வண்டி எண், வழியிலுள்ள ஊர்கள், நடைமேடை எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்பதையும் சேர்த்துவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். கணவர் ஒரு "ம்" கொட்டுவதற்குள் மனைவி இரண்டு விஷயம் தாண்டிப் போயிருப்பார்.

ஒரே மகள் காய்ச்சலில் போன பிறகுதான் அவர் மெதுவானார். முதலில் வேலையிடத்தில் தெரிந்தது. காலை வண்டி வந்துகொண்டிருப்பதாக அவர் மைக்கில் சொல்லி முடித்தபோது அந்த வண்டி போய், திரும்பியும் வந்திருந்தது. நிலைய மேலாளர் நல்ல மனுஷர், மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு சோபாவிலிருந்து சமையலறைக்குப் போக அவருக்கு ஒரு வாரம் பிடித்தது, பிறகு ஒரு மாதம், பிறகு போவதை விட்டுவிட்டார். நாடி பார்க்க வந்த டாக்டர் ஒரு துடிப்பை எண்ணிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு வந்து இரண்டாவதை எண்ணினார். இதயத்தில் கோளாறு ஒன்றுமில்லை, அவசரம் மட்டும்தான் இல்லை என்று சொல்லிவிட்டார்.

எடிட்டர் அதற்கு நேர்மாறாக ஆனார். மகளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றைக்கே, யாரோ ஒரு மணப்பெண் படி இறங்கி வருவதை ஸ்லோமோஷனில் போடுவதற்காக ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரே நேரத்தில் நாலு கல்யாணத்தை வெட்டி ஒட்டினார், நின்றுகொண்டே சாப்பிட்டார், வண்டியை அணைக்காமலேயே சாமான் வாங்கினார். அழுததை யாரும் பார்க்கவில்லை. மனுஷன் கல் மாதிரி இருக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கல் அல்ல, பயம். உட்கார்ந்தால் அது வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். தினமும் காலையில் மனைவியின் முகத்தில் படிந்த தூசியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு ஓடிப்போவார், அவ்வளவுதான்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மனைவியின் உதடு லேசாகப் பிரிந்திருப்பதைக் கவனித்தார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பழைய ஃபிரிட்ஜின் சத்தம் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள். எடிட்டரின் காது பழகிய காது. பேச்சு என்று கண்டுகொண்டார். அன்றைக்கே மனைவியின் வாயருகில் ஒரு மைக்கைக் கட்டி, கம்ப்யூட்டரில் இணைத்து, பதிவை ஓடவிட்டார். என்னவாக இருக்கும் என்று யோசித்து யோசித்து அவருக்குப் பாதித் தலை நரைத்தது. பாப்பாவை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதது யார் குற்றம் என்று கேட்கிறாளோ என்று நினைக்கும்போதெல்லாம் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிடுவார். உதடு மூடியதும், மொத்தப் பதிவையும் சுருக்கி, சாதாரணப் பேச்சு வேகத்துக்குக் கொண்டுவர முயன்றார். கம்ப்யூட்டர் முக்கியது, முனகியது, உறைந்து நின்றது. எத்தனை தடவை முயன்றாலும் அதே கதி. அதில் இருந்த ரேம் வெறும் நாலு ஜிபி.

அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெண்ணுக்குத் திருப்புளி என்று பெயர் விழுந்திருந்தது, எந்நேரமும் கொண்டையில் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பார். எடிட்டர் அவரிடம் எதையும் விளக்காமல், கடையிலேயே அதிவேகமான ரேமைக் கேட்டு வாங்கிப்போனார். அது அடுத்த தலைமுறைச் சரக்கு, இவருடைய கம்ப்யூட்டர் போர்டு முந்தைய தலைமுறை. அடியிலுள்ள வெட்டு இடம் மாறியிருந்ததால் உட்கார மறுத்தது. அழுத்தினால் உட்காரும் என்று நினைத்து அழுத்திப் பார்த்து, நல்ல வேளையாக எதுவும் உடைவதற்குள் திரும்பி வந்தார்.

"எதுக்குண்ணா இவ்ளோ வேகம்? கேம் விளையாடப் போறீங்களா?" என்றார் திருப்புளி.

"என் பொண்டாட்டி பேசுனத கேக்கணும்மா."

"நெறைய பேசியிருக்காங்களா?"

"ஒரு வாக்கியம்தான்."

திருப்புளிக்கு உடனே புரிந்துவிட்டது. தெருவே அறிந்த விஷயம்தானே. "அப்போ உங்களுக்கு வேகம் வேணாம்ணா, எடம்தான் வேணும். மொத்தப் பேச்சும் ஒரே நேரத்துல உள்ள நிக்கணும்ல? போர்டுல நாலு ஸ்லாட் இருக்கு. பழசு ரெண்டு ரெண்டா நாலு ஜிபி இருக்கட்டும், கூட எட்டு எட்டா ரெண்டு போடுவோம். மொத்தம் இருபது."

"புதுச பழசோட சேத்துப் போட்டா ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். ஆனா பழசோட வேகத்துலதான் எல்லாம் ஓடும். பழச விட்டுட்டு புதுசு மட்டும் முன்னாடி ஓட முடியாது, போர்டு விடாது."

எடிட்டர் கையிலிருந்த வேகமான ரேமை மேசையில் வைத்தார். பிறகு, "இருபதுல அவ சொன்னது முழுசா அடங்குமா?" என்றார்.

"தரத்தக் கொஞ்சம் கொறச்சிக்கங்க, அடங்கிடும். குரல் கரகரன்னு இருக்கும், பரவால்லயா?"

"பரவால்ல. ஒரு வார்த்தைகூட விட்டுப்போகக் கூடாது."

திருப்புளியே வந்து மாட்டிக் கொடுத்தார். நாலு துண்டும் கிளிக் கிளிக்கென்று உட்கார்ந்தன. கம்ப்யூட்டர் பொழுது முழுக்கச் சூடேறிச் சூடேறி, கடைசியில் மூன்று மழைக்காலத்தை ஒரு சின்னக் கோப்பாகச் சுருக்கிக் கொடுத்தது. எடிட்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காதபோது வருவதுபோலக் கரகரப்பு. அதற்குள்ளிருந்து, அதே பேருந்து நிலையக் குரல், ஆனால் அறிவிப்புக்கு இல்லாத ஒரு குழைவோடு, சொன்னது:

"பாப்பா போனதுலேருந்து நீங்க நின்ன எடத்துல நிக்கல, கொஞ்சம் வந்து எம்பக்கத்துல உக்காருங்களேன், ரெண்டு பேரும் சேந்து அழுதுடலாம்."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுபடி கேட்டார், மறுபடியும் கேட்டார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பியது. போன மகளுக்காக அவர் அழுதது அன்றுதான், எதிர்மாடிக் குடித்தனக்காரர்கள் பதறி ஓடிவந்தார்கள். அவள் ஒரு நிமிஷம் உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், அவள் கேட்டு முடிப்பதற்குள் இவர் நூற்றுக்கணக்கான கல்யாணங்களை முடித்திருந்தார். அவள் கண்ணுக்கு இத்தனை வருஷமாக இவர் ஒரு காற்றாகத்தான் இருந்திருப்பார், அவ்வப்போது முகத்தில் துணி உரசிய காற்று.

பதிலாக ஒரு வார்த்தை பேசிப் பதிவுசெய்தால், அதை அக்காவுக்குக் கேட்கும்படி இழுத்து நீட்டி ஸ்பீக்கரில் ஓடவிடலாமே என்றார் திருப்புளி. நியாயமான யோசனைதான். ஆனால் எடிட்டர் தலையாட்டி மறுத்தார். "அவ பேசச் சொல்லலம்மா. உக்காரத்தான் சொன்னா."

உட்கார்ந்தார். கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு நாற்காலியை மனைவியின் முழங்காலோடு முழங்கால் படும்படி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாதியில் நின்ற கல்யாணங்களை வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிர்மாடியிலிருந்து சாப்பாடு வந்தது. தூங்க, குளிக்க மட்டும் எழுந்துபோய், அவசர அவசரமாகத் திரும்பிவந்து அதே நிலையில் உட்கார்ந்துகொள்வார், அவளுக்கு அந்த இடைவெளி தெரிந்துவிடக் கூடாதே என்று. அடுத்த கோடை முழுக்க மனைவியின் கண்மணிகள் ஜன்னல் பக்கமிருந்து நகர்ந்தன. மழை பிடித்தபோது அவர் முகத்தில் வந்து நின்றன. பார்த்துவிட்டாள். அதற்கு மறு வருஷம் வலது கண்ணின் ஓரத்தில் ஈரம் தேங்கியது. அது ஒரு துளியாகத் திரண்டு இமையைத் தாண்டியபோது எடிட்டருக்கு முழுத் தலையும் நரைத்து, முதுகு வளைந்திருந்தது. துளி கன்னத்தில் இறங்கத் தொடங்கியதும் அவர் வலது கையை நீட்டி, அவள் தாடைக்குக் கீழே ஏந்தி வைத்துக்கொண்டார்.

ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் எட்டிப்பார்த்த திருப்புளி, "எப்பண்ணா அது கைல விழும்?" என்றார்.

"கணக்குப் பாத்தேன். நான் இருக்க மாட்டேன்மா."

கையை அவர் எடுக்கவில்லை. திருப்புளி உள்ளே போய்ப் படுக்கையறையிலிருந்து ஒரு சின்னத் தலையணையைக் கொண்டுவந்து, அவர் முழங்கைக்கு அடியில் அணைவாக வைத்துவிட்டு, கடையைத் திறக்கப் போனார்.