எலாஸ்டிக் வைத்துத் தைத்த தூக்கம்

கற்பூரம் ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொன்னாலும் சரி, மேல்மலையனூர் அம்மன் வாசலில் ஈரத்துணியோடு நின்று சொல்லச் சொன்னாலும் சரி, இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இந்தக் கதையில் இழுபடுவது எலாஸ்டிக் மட்டும்தான்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் தையல் கடை வைத்திருந்தவள் செண்பகம். கடை என்றால் வீட்டின் முன்னறை. ஜாக்கெட், நைட்டி, பள்ளிக்கூட யூனிபாரம், தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். கால் மெஷின். மிதித்து மிதித்து முட்டி இரண்டும் தேய்ந்துபோயின. நடுவில் ஒரு மோட்டார் மாட்டிப் பார்த்தாள். அது ஒரு கோடை ஓடிவிட்டுப் புகைந்து நின்றுவிட்டது. முட்டி மட்டும் புகைந்துகொண்டே ஓடியது.

பகலில் வலியை அவள் கண்டுகொள்வதில்லை, நேரம் கிடையாது. படுத்த பிறகுதான் அது பேச ஆரம்பிக்கும். காலை நீட்டினால் குத்தும். மடக்கினால் இழுக்கும். இந்தப் பக்கம் புரண்டு அந்தப் பக்கம் புரள்வதற்குள் பால்காரன் மணியடித்துவிடுவான். சேர்ந்தாற்போல் தூங்கி வருஷக்கணக்காகிவிட்டது. தூங்காத கண்ணோடு தைத்து, ஒரு தடவை ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கிப் போன அம்மாள் குறை ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சௌகரியமாக இருப்பதாகத்தான் சொல்லி அனுப்பினாள்.

நகை வேண்டும், மாடி கட்ட வேண்டும் என்றெல்லாம் செண்பகத்துக்கு ஆசை இல்லை. ஒரே ஒரு முழுத் தூக்கம் வேண்டும். அது போதும்.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடக்கச் சொன்னாள். தண்ணீருக்குள் உடம்பின் பாரம் முட்டிக்குத் தெரியாதாம். நடந்து பழகினால் வலி விடும், வலி விட்டால் தூக்கம் தானாக வரும் என்றாள். ஏரியில் இறங்கலாமா என்று கேட்டாள் செண்பகம். மேடு எது பள்ளம் எது என்று தெரியாத இடத்தில் இறங்கினால் முட்டியோடு சேர்த்து மற்றதும் போய்விடும் என்று டாக்டரம்மா தடுத்துவிட்டாள். இதே ஊரில் பைபாஸ் பக்கம் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, சனிக்கிழமை முற்பகல் பெண்களுக்கு மட்டும், அங்கே போங்கள் என்று வழியும் சொன்னாள்.

செண்பகம் தனியாகப் போகிறவள் இல்லை. பக்கத்துத் தெரு லூர்துசெல்வியிடம் சொன்னாள். லூர்துசெல்வி சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். குண்டான் தூக்கித் தூக்கி அவள் முட்டியும் அதே கதிதான். சனிக்கிழமை அவளுக்கு லீவு. உடனே குளத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். புடவை கூடாது, நைட்டி கூடாது, சுடிதாரும் கூடாது, நீச்சல் உடையோடு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று பதில் வந்தது. நீச்சல் உடை எப்படி இருக்கும் என்று லூர்துசெல்வி போனிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

செண்பகம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன்க்கா, இது துணியா, இல்ல துணிக்குக் காட்டற சாம்பிள் பீஸா?"

"நீ தையக்காரிதான? உனுக்குப் புடிச்ச மாதிரி தச்சிக்கினு வா. எனக்கும் சேத்துத் தை" என்று சொல்லிவிட்டு லூர்துசெல்வி போனை மூடினாள்.

செண்பகம் லெக்கின்ஸ் தைக்கிற கறுப்புத் துணி வாங்கினாள். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே உடுப்பு, முழுக்கை. உடம்பின் வளைவு தெரியக்கூடாது என்று உள்ளே இன்னொரு ஆள் குடியிருக்கலாம் போல லூசாக வெட்டினாள். வெட்டி முடித்த பிறகுதான் பயம் வந்தது.

பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு கிணற்றிலோ குளத்திலோ இறங்கின எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். தண்ணீரில் காலை வைத்ததும் பாவாடை காற்றைப் பிடித்துக்கொண்டு குடை மாதிரி உப்பி மேலே வரும். கையால் அடித்து அடித்துத்தான் அமுக்க வேண்டும். தான் பிறந்த முகையூர் பக்கம் கிணற்றடியில் அப்படி அடித்துக்கொண்டு நின்றவள்தான் செண்பகம். தெரியாத ஊரில், தெரியாத பெண்களுக்கு நடுவே, இந்த உடுப்பு அப்படி மேலே ஏறினால் மானம் என்ன ஆவது? ஆகவே கழுத்துக்கு, மணிக்கட்டுக்கு, இடுப்புக்கு, முட்டிக்கு, கணுக்காலுக்கு என்று எங்கெல்லாம் துணி ஏறுமோ அங்கெல்லாம் எலாஸ்டிக் வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

எலாஸ்டிக் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பாவாடைக்கா ஜட்டிக்கா என்று கேட்டார். தண்ணிக்கு என்றாள். அவர் பரணிலிருந்து ஒரு பழைய சுருளை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

வழக்கமாக இடுப்பு அளவில் முக்கால்வாசிக்கு எலாஸ்டிக் வெட்டுகிறவள் அவள். ஈரம் பட்டால் எலாஸ்டிக் தளரும் என்பதால் இதற்குப் பாதிதான் வெட்டினாள். பாதி எலாஸ்டிக்கை முழுத் துணிக்கு எட்டும்படி இழுத்துப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். வழுக்குகிற துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. துணிக்கு அடியில் பழைய பேப்பரை வைத்துத் தைத்து, பிறகு பேப்பரைக் கிழித்தெடுத்தாள். ஒரு கையில் துணி, ஒரு கையில் பேப்பர் என்றால் எலாஸ்டிக்கை யார் இழுப்பது? மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை எடை போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த புருஷன் கோதண்டபாணியைக் கூப்பிட்டு நுனியைக் கையில் கொடுத்தாள்.

இழுங்க என்றாள். அவர் பின்னால் நடந்தார். இன்னும் என்றாள். அவர் வாசலைத் தாண்டினார். அவளுக்குத் தையலில் கண், அவருக்கு எப்போதுமே சொன்னதைச் செய்கிற சுபாவம். சந்து முனையைத் தாண்டினார், செஞ்சி ரோட்டைத் தாண்டினார், ஒரு மினி பஸ் எலாஸ்டிக்குக்குக் கீழே குனிந்து போயிற்று. அந்தப் பக்கத்து டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இவர் பாதி டீ குடித்திருக்கும்போது இங்கே செண்பகம் தையலை முடித்தாள், கை தவறி, மெஷினில் மாட்டியிருந்த எலாஸ்டிக் சட்டென்று சுருங்கியது. மறு நிமிஷம் கோதண்டபாணி டம்ளரோடு வீட்டு வாசலில் நின்றார். டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"முடிஞ்சிதா?" என்று மட்டும் கேட்டார்.

முடியவில்லை, இன்னும் கணுக்கால் பாக்கி இருந்தது. லூர்துசெல்வியின் உடுப்புக்குக் கழுத்து வரும்போது சுருள் தீர்ந்துவிட்டது. அவள் கழுத்துக்கு மட்டும் சும்மா ஒரு நாடா வைத்து, ஜெபமாலைக்கு ஒரு பாக்கெட்டும் வைத்துக் கொடுத்தாள்.

அங்கே போய் மாற்றிக்கொள்ள முடியாது, கூச்சமாக இருக்கும் என்று இரண்டு பேரும் புடவைக்கு உள்ளேயே உடுப்பைப் போட்டுக்கொண்டு சனிக்கிழமை விழுப்புரம் பஸ் ஏறினார்கள். செண்பகத்துக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பிரயோஜனமில்லை. உட்கார்ந்தால் முட்டி எலாஸ்டிக் அவளை எழுப்பி விட்டது. மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பின் சீட்டுக்காரர், ஏம்மா, எறங்கணும்னா எறங்கு, இல்லனா ஒக்காரு என்று அலுத்துக்கொண்டார். கடைசியில் விழுப்புரம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். முட்டி வலி உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இறங்கினதும் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. திரும்பிப் போனால் மறுபடியும் நிற்க வேண்டும். அதனால் போகவில்லை.

குளத்தில் அஸ்வினி என்று ஒரு சின்னப் பெண், கழுத்தில் விசில் மாட்டியிருந்தாள், நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். இரண்டு பேரின் உடுப்பையும் மேலும் கீழும் பார்த்தாள். சட்டத்தில் இந்த உடுப்பைத் தடுக்க வழியில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். படி இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

லூர்துசெல்வி முதலில் இறங்கினாள். உடுப்புக்குள் இருந்த காற்று கழுத்து வழியாகப் புஸ்ஸென்று போயிற்று. அவள் சிலுவை போட்டுக்கொண்டு இடுப்பளவில் பாந்தமாக நின்றாள். அடுத்து செண்பகம் இறங்கினாள். அவள் உடுப்பும் உப்பியது. கையால் அடித்தாள். கிணற்றடிப் பாவாடையை அடித்தால் காற்று கீழ்வழியாகப் போய்விடும். இதற்குக் கீழ்வழி, மேல்வழி எல்லாவற்றுக்கும் காவல் போட்டிருந்தது அவளே. வயிற்றில் அடித்தால் காற்று முதுகுக்குப் போயிற்று. முதுகில் அடித்தால் கைக்கு வந்தது. அடிக்க அடிக்க அவள் மேலே வந்து, கடைசியில் பூசணிக்காய் மாதிரி மல்லாந்து மிதந்தாள்.

அஸ்வினி விசில் ஊதினாள். "ஆன்ட்டி, காலக் கீழ வைங்க."

"காலு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா வெக்க மாட்டனாம்மா?" என்றாள் செண்பகம்.

லூர்துசெல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் அவள் வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்தார்கள். இங்கே அமுங்கி அந்தக் கரையோரம் எழும்பினாள். நடப்பதற்காக இத்தனை தூரம் வந்து, தரையைக் காலால் தொடக்கூட முடியவில்லை. செண்பகத்துக்கு அழுகை வந்தது. அழுவதற்காகக் கண்ணை மூடினாள். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. வருஷக்கணக்காகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் அப்போது இல்லை. முட்டியைத் தேடிப் பார்த்தாள். முட்டியும் இல்லை. காலை நீட்டினாள், குத்தவில்லை. மடக்கினாள், இழுக்கவில்லை. அழுவதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இது என்ன என்று யோசிக்க ஆரம்பித்தாள். யோசனை பாதியில் நின்றுவிட்டது.

குறட்டை கேட்டுத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தால் குளத்துத் தண்ணீர் ஒரு படி இறங்கும், விட்டால் ஒரு படி ஏறும்.

பெண்களின் நேரம் முடிந்தது. வெளியே ஆண்கள் துண்டோடு நின்று கதவைத் தட்டினார்கள். அஸ்வினி விசிலைக் காதோரம் வைத்து ஊதிப் பார்த்தாள், செண்பகம் அதை ஏதோ குக்கர் என்று நினைத்திருப்பாள். ஒரு கத்தரிக்கோல் கொண்டுவந்து கழுத்து எலாஸ்டிக்கை நறுக்கிவிட்டால் காற்று இறங்கிவிடும், ஆளும் எழுந்துவிடுவாள் என்று அஸ்வினி குனிந்தாள். லூர்துசெல்வி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பாப்பா. அவ தூங்கி எத்தினி வருசம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும். வெளிய நிக்கறவங்கள நாளைக்கு வரச் சொல்லு."

சொல்லிவிட்டுப் போய்க் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்தாள். சத்துணவில் முன்னூறு பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்திப் பழகினவளை யார் எழுப்புவது? ஆண்கள் சற்று நேரம் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிற்பகலில் கோதண்டபாணி போன் செய்தார். கல்யாண ஜாக்கெட் கேட்டு அனந்தபுரத்திலிருந்து பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மெஷின் மேல் ஜாக்கெட் பாதியில் கிடக்கிறது, அவளைக் கூப்பிடுங்கள் என்றார். லூர்துசெல்வி, அவள் தூங்குகிறாள் என்றாள். அந்தப் பக்கம் அவர் மெஷினுக்கு உறை போட்டு மூடுகிற சத்தம் கேட்டது.

"எழுப்பாதீங்கக்கா" என்றார் அவர். "நான் சொல்லிக்கிறேன்."

என்ன சொன்னாரோ, பெண் வீட்டார் முகூர்த்தத்தையே ஒரு வாரம் தள்ளி வைத்துக்கொண்டு போனார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் தையல் ஓட்டைகள் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தது. சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்தது. உடுப்பு தளர, செண்பகத்தின் கால் மெதுவாக இறங்கிக் குளத்தின் தரையைத் தொட்டது. அப்போதும் விழிப்பு வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து நின்றாள், கண் மூடியபடியே நடக்க ஆரம்பித்தாள். இந்தக் கரைக்கு வந்து, திரும்பி, அந்தக் கரைக்குப் போனாள். டாக்டரம்மா சொன்ன அதே நடை. பாதம் மட்டும் தரையில் மிதிப்பலகையை மிதிப்பது மாதிரி மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. அதை மட்டும் தூக்கத்தால்கூட நிறுத்த முடியவில்லை. அஸ்வினி விசிலைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். லூர்துசெல்வி படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, போகிறவளையும் வருகிறவளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுக்கும் கண் சொக்கியது.

இதுவும் சத்தியம்: அந்த நீச்சல் குளத்தில் முதன்முதலாகத் தண்ணீர் விட்டதே அதற்கடுத்த வருஷம் மாசி மாதம்தான்.