கருப்பாத்தாளுக்கு வழிவிட்ட பாறைகள்

1934 தை மாதம் கருப்பாத்தாள் கேட்டுக்கொண்டதால், ஆனைமலைக்கு மேலே ரயில் பாதை போடும் இடத்தில் வீடளவு பாறை ஒன்று பதினோரு அடி தள்ளி உட்கார்ந்தது. மண் சுமக்க வந்த அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி, ரயிலு வாரதுக்கு வழி வேணுமுங்க" என்று மட்டுமே சொன்னாள். மலை உச்சி ஓடையில் தங்கம் கிடைக்கிறது என்று பீளமேட்டு மில்காரர்களும் கொடுமுடிப் படகுக்காரர்களும் மணல் அரிக்கும் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மழைக்குள் ரயில் ஓடியாக வேண்டும் என்ற அவசரத்தில், பாறை ஏன் நகர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளே இன்ஜினியர் வெடிமருந்துப் பெட்டிகளைக் கீழே அனுப்பிவிட்டார்.

வெடி மேஸ்திரி தம்பிதுரைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் பாறை உடைத்து இடது காதைப் பறிகொடுத்தவர் அவர். இப்போது ஆட்கள் கருப்பாத்தாள் பின்னால் போனார்கள். யாரும் பார்க்காதபோது அவரும் ஒரு பாறையிடம், "ஏய், தள்ளு" என்று சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை. கூலியாட்களிடம் பேசியே பழகிய வாய். வேறு மாதிரி வரவில்லை.

பன்னிரண்டாம் மைலில், மலையை அடைத்துக்கொண்டு கடைசிப் பாறை நின்றது. ஒரு விடியலில் தம்பிதுரை அதன் முன் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "அவ கேட்டா நகராதீங்க சாமி. உங்க கால்ல உழுகறேனுங்க" என்று அழுதார்.

கருப்பாத்தாள் மூன்று நாள் கேட்டாள். பாறை நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி வராவிட்டால் அவளை அனுப்பிவிடுவதாக இன்ஜினியர் சொன்னார். தம்பிதுரையின் சந்தோஷம் முதல் நாள் மத்தியானம் வரைதான் நீடித்தது. மூன்றாம் நாள் அவள் பாறையில் நெற்றியை வைத்து, "நான் என்ன குத்தம் பண்ணிப்போட்டேனுங்க?" என்று கேட்டது அவருடைய நல்ல காதில் விழுந்துவிட்டது.

"நாந்தானுங்க நகர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்" என்றார். அவளிடம் அவர் மரியாதையாகப் பேசியது அதுவே முதல் தடவை.

கருப்பாத்தாள் பாறையிலிருந்து நெற்றியை எடுத்து அவரை முறைத்தாள். "சொன்னது நீங்க. நீங்களே திருப்பிச் சொல்லுங்க."

அவர் சொன்னார். பாறை நகர்ந்தது, ரயில் உரசாமல் போகும் அளவுக்கு மட்டும்.

வைகாசி மாதம் ரயில் ஏறியது. பதினைந்து மாதத்தில் தங்கம் தீர்ந்துபோய், அதே ரயில் ஏலக்காய் ஏற்றி இறங்கியது. மழைக்குப் பின் சரியும் பாறைகளை நகர்த்த இருவரையுமே வேலையில் வைத்துக்கொண்டார்கள். தம்பிதுரை கேட்டால் பாறைகள், கருப்பாத்தாள் கேட்கும்போது நகர்வதைவிட எப்போதும் ஒரு முழம் குறைவாகவே நகர்ந்தன. அந்த ஒரு முழம் அவர் நெஞ்சைக் கடைசிவரை அரித்தது. அதை ஈடுகட்டவே தினமும் அவளுக்கு முன்னால் வேலைக்கு வந்துவிடுவார்.