பாவாடை தரையில் நின்ற நாள்

புருஷன் பாவாடையைத் தரையில் பார்த்ததுமே அன்னக்கிளிக்குப் புரிந்துவிட்டது, இவன் வாயை விட்டுவிட்டான் என்று.

கடற்கரைச் சாலையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, ஜூலை பதினாலுக்கு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராஜாவின் சிறைக்கோட்டையை உடைத்த நாள் அது. அவர்கள் உடைத்ததைக் கொண்டாட முதலியார்பேட்டைக்காரர்கள் வருஷா வருஷம் சவுக்கு நட்டுக் கயிறு கட்டுவார்கள். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம் நாற்பதடி உயரம் வேண்டுமென்று உத்தரவு. உச்சியில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் எழுதிய மூன்று பலகைகள் ஏற வேண்டும். ஏற்றப்போகிறவர்களில் ஒருத்தனுக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

பாவாடைக்கு நிஜ வேலை மில்லில். தறிகள் பாதி நின்றுபோய் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனதிலிருந்து, மற்ற நாட்களில் தனிஸ்லாஸ் மேஸ்திரியோடு சாரம் கட்டப் போனான். கல்யாணப் பந்தல், வெள்ளையடிக்கிற கோபுரம், கூத்து மேடை, எது வந்தாலும் உச்சியில் நிற்கிறவன் அவன்தான். மில்லுக்குள் அவனை யாருக்கும் தெரியாது. நாற்பதடி மேலே ஏறினால்தான் அவனுக்கு முகம் என்று ஒன்று வரும். கீழே இருக்கிறவர்களை வம்புக்கு இழுப்பான், பாடுவான், இல்லாத மீனையெல்லாம் கடலில் பார்த்ததாகச் சொல்லுவான். அன்னக்கிளி அவனைக் கட்டிக்கொண்டதே அப்படி மேலே நின்றவனைப் பார்த்துத்தான்.

இன்றைக்கு அவன் கீழே, ஊறப்போட்ட கயிற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில், மேலே போகிற கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு நாளாக முகம் மழிக்கவில்லை. சோம்பல் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போதுதான் அந்தத் தாடிக்கும் அர்த்தம் தெரிந்தது. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது.

ஏறக் கூடாது என்பதில் தனிஸ்லாஸ் மகா கறார். மாசமான பெண்டாட்டி உள்ளவனைச் சாரத்தில் ஏற்றவே மாட்டார். அதனால்தான் நாலு மாசமாக அன்னக்கிளி ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை. புடவையைத் தளர்த்திக் கட்டினாள், தானும் வேலை பார்க்கிற அதே மில்லில் வாந்தி வந்தபோது கருவாட்டின் மேல் பழியைப் போட்டாள். எல்லாம் இவன் மேலே நிற்க வேண்டும் என்பதற்காக.

சோற்றுத் தூக்கை மணலில் வைத்துவிட்டு நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"இன்னாண்ணே, என் ஊட்டுக்காரனுக்குக் காலு ஒடஞ்சிட்சா?"

தனிஸ்லாஸ் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பருத்த மனுஷன். இரண்டு முழங்காலும் போய்விட்டதால் அவர் ஏறி நாலு வருஷமாகிறது. "ஒனக்கு இன்னா கோவம் தங்கச்சி? சந்தோசமான சமாசாரம்தானே. அவனே வந்து சொன்னான்."

"அவனேவா?"

"காலைல வந்ததும் சொல்லிட்டான். அதான் அமலநாதன மேல அனுப்பிட்டேன்."

அமலநாதன் மேஸ்திரியின் மச்சான். உச்சி மரத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு எதையோ கட்டிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வயசு, வாய் மட்டும் ஐம்பது.

"ஏண்ணே, நீங்க மாதா கோயிலுக்குப் போறவரு. புள்ளத்தாச்சி புருஷன் ஏறக்கூடாதுன்னு சாமியாரு எந்தப் பூசைல சொன்னாரு?"

"பூசைல சொல்லணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அந்த எல்லாரும் ஆரு? எங்கூட மில்லுல வந்து நின்னாங்களா?"

தனிஸ்லாஸ் மேலே பார்த்து, "டேய், அந்தக் குறுக்கு மரத்த நல்லா இறுக்குடா" என்று கத்தினார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அன்னக்கிளி தொட்டியருகே வந்தாள். பாவாடை அவள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தான்.

"ஆரைக் கேட்டுய்யா சொன்ன?"

"சோறு கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். கடல்ல கொட்டப் போறேன். ஆரைக் கேட்டுச் சொன்ன?"

"மெதுவாப் பேசு கிளி."

"நாலு மாசமா மெதுவாத்தான பேசுனேன்!"

அவன் குந்தி உட்கார்ந்து தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக் கயிற்றைப் புரட்டினான். சாரம் கட்டுகிறவனின் கை. விரல் இடுக்கெல்லாம் நார் அறுத்த தழும்பு.

"நாலு நாளாவே மேல நின்னா அந்த நெனப்பு வருது" என்றான். "கோபுரத்துல நின்ன நெனப்பு. நேத்து காலு ஊனவே இல்ல. இன்னொரு வாட்டி என்னால ஆவாது கிளி. ஒண்ணத் தின்னுட்டேன், போதும்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்றைத் தின்றவன் என்று இவனே தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாசத்தில் முதல் குழந்தை செத்துப் பிறந்தது. அன்றைக்கு இவன் ஒரு கோயில் கோபுரத்தில் வெள்ளையடிக்கச் சாரம் கட்டிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு ஓடி வருவதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஏறக் கூடாதவன் ஏறினான், பிள்ளை போயிற்று. மருத்துவச்சி சொன்னாள், பக்கத்து வீட்டுச் செல்வாம்பாள் சொன்னாள், துக்கம் கேட்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். அவன் ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்பதால் நம்பவில்லை என்று அன்னக்கிளி நினைத்துக்கொண்டாள். அது அவள் செய்த தப்பு.

அவனுக்கு எதிரே குந்தினாள்.

"இங்க பாரு. அந்தப் புள்ள எங்க இருந்துச்சு? கோபுரத்துலயா? எம்வயித்துல இருந்துச்சு. நான் எங்க இருந்தேன்? மில்லுல, நூல் சுத்துற ராட்டுகிட்ட, பதினோரு மணி நேரம் நின்னுகிட்டு. காலு ரெண்டும் பூசணியாட்டம் வீங்கி நின்னேன். குந்தக் கேட்டதுக்கு மில்லுக்காரன் வெளிய போன்னான். அதுலதான் செத்துச்சு. நீ மேல இருந்தாலும் செத்திருக்கும், குழிக்குள்ள இருந்தாலும் செத்திருக்கும்."

"ஊருல எல்லாரும்…"

"ஊருக்கு மில்லுக்காரன் மேல பழி போடப் பயம். உம்மேல போடப் பயமில்ல. நீ இளிச்சவாயன்."

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் சிரிக்கிறவன். இன்றைக்குத் தரையில் நின்றான் என்றால் என்றைக்கும் தரைதான் என்று அவளுக்குப் பட்டது. குழந்தை பிறந்த பிறகும் ஏற மாட்டான். அந்தப் பழியை அவனே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகிவிடும். பிறகு அவனோடு வாழலாம், சோறு போடலாம். ஆனால் அந்த மேலே நிற்கிற ஆள் இருக்க மாட்டான்.

அப்போதுதான் மேலே கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

உச்சிக் குறுக்கு மரம் ஒரு பக்கமாக ஒரு சாண் இறங்கி நின்றது. அமலநாதன் நட்ட மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணி! அண்ணி!" என்று கத்தினான். ஆபத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்கள், மாதாவைக் கூப்பிடுவார்கள். இவன் எதற்கு அண்ணியைக் கூப்பிட்டான் என்று யாருக்கும் தெரியவில்லை. சறுக்கிச் சறுக்கி ஒருவழியாகத் தரைக்கு வந்தவன் முழங்கை தோல் உரிந்து மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"கட்டுல நெரி போட்டியாடா?" என்று பாவாடை கேட்டான்.

இரண்டு மரத்தையும் சேர்த்துச் சுற்றினால் மட்டும் கட்டு ஆகாது. சுற்றி முடித்ததும் அதே கயிற்றை இரண்டு மரத்துக்கும் நடுவே விட்டு, சுற்றின சுற்றையெல்லாம் கழுத்தை நெரிக்கிற மாதிரி நெரிக்க வேண்டும். நெரிக்காத கட்டு பார்வைக்குக் கட்டு, பாரம் வந்தால் நகரும்.

அமலநாதன் உரிந்த முழங்கையை ஊதிக்கொண்டான். அதுவே பதில்.

"சரி, ஏறிப் போட்டுட்டு வா" என்றார் தனிஸ்லாஸ்.

"என்னக் கொன்னு போடு மாமா. ஏற மாட்டேன்."

தனிஸ்லாஸ் வளைவைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். மத்தியானக் கடல்காற்று கிளம்பிவிட்டது. மூன்று மணிக்கு பேண்டுக்காரர்கள் அதன் அடியிலேதான் நடந்து பழக வருவார்கள். "சூசையக் கூட்டியாரலாம்" என்று இழுத்தார். சூசை வைத்திக்குப்பத்துக்காரன், கூப்பிட்டால் வந்து ஏறுவான்.

"சூசை கட்டுமரத்துல போயிருப்பான்" என்றான் பாவாடை. "பொழுது சாயத்தான் கரைக்கு வருவான்."

"அப்ப இன்னாடா பண்றது?"

மரம் தூக்கிக் கொடுக்கிற மற்றவர்களுக்கு ஏறத் தெரியாது. எல்லாரும் பாவாடையைப் பார்த்தார்கள். உடனே எல்லாரும் அன்னக்கிளியின் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு அதைப் பார்க்காத மாதிரி கடலைப் பார்த்தார்கள்.

அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு நல்ல யோசனையும் கூடவே வந்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம். புருஷன்காரன்தானே ஏறக்கூடாது?"

"ஆமா."

"புள்ளத்தாச்சி ஏறக்கூடாதுன்னு எதுனா இருக்குதா?"

தனிஸ்லாஸ் யோசித்தார். பாவம், நிஜமாகவே யோசித்தார். அப்படி ஒன்றை யாரும் சொல்லி வைக்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் அன்னக்கிளி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சுருள் ஈரக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாரத்தின் முதல் குறுக்கு மரத்தில் காலை வைத்துவிட்டாள்.

"ஏய்! ஏய்! இன்னாம்மே பண்ற!"

"நெரி போடப் போறேன். எத்தினி நாளு பாத்துக்கினு இருக்கேன், தெரியாதா?"

இரண்டாவது மரத்துக்கும் ஏறினாள். தரையிலிருந்து அவள் உயரம்கூட இல்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தபோது மணல் எங்கேயோ கிடந்தது. உள்ளங்கால் கூசிற்று. மூன்றாவது மரத்தைப் பிடிக்கக் கையை நீட்டினாள், இறங்குவதாக இருந்தால் இப்போதே இறங்க வேண்டும் என்று மனசு சொன்னது. இறங்கவில்லை.

"மாதாவே! எவனாவது புடிங்கடா அவள!" தனிஸ்லாஸ் தலைப்பாகையே அவிழ்ந்து விழக் கத்தினார். அமலநாதன் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

பாவாடை எப்படி வந்தான் என்று அவள் பார்க்கவில்லை. நட்ட மரத்தின் அந்தப் பக்கமாக அணில் மாதிரி ஏறி, அவளுக்கு மேலே மூன்றாவது மரத்தில் கால் பரப்பி நின்று, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். மூச்சு வாங்கியது.

"பைத்தியமா ஒனக்கு? எறங்குடி!"

"நீ எங்க நிக்கிற?"

"எறங்குடின்றேன்!"

"நீ எங்கய்யா நிக்கிற இப்ப? கீழ பாரு."

அவன் பார்த்தான். கால் இரண்டும் சவுக்கு மரத்தின் மேல் ஊன்றி நின்றன. ஊனவில்லை என்று சொன்ன அதே கால்கள். முகத்தில் என்னென்னமோ வந்து போயிற்று. கடைசியில், ரொம்பத் தயங்கி, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டது.

"மோசக்காரி."

"மூணாவது மரமும் ஏறுனதுதான், உச்சியும் ஏறுனதுதான். தோசம்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் ஒட்டியிருக்கும். போ மேல."

அவன் போகவில்லை. மணிக்கட்டை விடாமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "கிளி, இதுவும் தங்கலன்னா?" என்றான்.

தங்கும் என்று சொல்லலாம். அது பொய். மில்லில் அதே ராட்டு, அதே பதினோரு மணி நேரம், நாளைக்கும் நிற்கத்தான் போகிறாள். அவளுக்கும் ராத்திரியெல்லாம் பயம்தான்.

"தங்கலன்னா ரெண்டு பேரும் அழுவோம்" என்றாள். "ஆனா நீ ஏறுனதால போச்சுன்னு மட்டும் நீ சொல்லக்கூடாது. ஊரு சொல்லட்டும், மேஸ்திரி சொல்லட்டும். நீ சொல்லக்கூடாது. இப்பவே சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

காற்று வந்து மேலே மரம் மறுபடி முனகியது.

"சொல்ல மாட்டேன்."

"சத்தமா."

"சொல்ல மாட்டேன்டி! எறங்கு மொதல்ல, ஒன்ன எறக்கிட்டுத்தான் போவேன்."

கயிற்றுச் சுருளை அவன் தோளுக்கு மாற்றினாள். ஏறினது சுலபமாக இருந்தது, இறங்குவதுதான் நரகம். அவன் ஒரு கையால் அவள் புஜத்தைப் பிடித்து, "எடது காலு… இன்னும் கீழ… அங்கதான் மரம் இருக்குது, ஒங்கப்பன் ஊடா, நெனச்ச எடத்துல கால வைக்க" என்று திட்டிக்கொண்டே இறக்கினான். மணலில் கால் பட்டதும் அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். பயம் இப்போதுதான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது அவன் பாதி தூரம் போயிருந்தான்.

தனிஸ்லாஸ் அவிழ்ந்த தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். அவனைக் கூப்பிட்டு இறக்கலாமா என்று வாயைத் திறந்தார். சாய்ந்து நிற்கிற உச்சி மரத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"நாளைக்கு எதுனா ஆச்சுன்னா எம்மேல பழி வரக்கூடாது தங்கச்சி."

"ஒங்க மேல வராதுண்ணே. பழி போட வேண்டிய ஆளு வேற இருக்கான்."

மேலே பாவாடை நழுவின மரத்தைத் தோளால் முட்டித் தூக்கி, பழைய கட்டை அறுத்து எறிந்தான். புதுக் கயிறு சுற்றுச் சுற்றாக ஏறியது. பிறகு நெரித்தான். ஒரு காலை மரத்தில் உதைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கயிறு கிறீச்சிடும் வரைக்கும் நெரித்தான். முடிந்ததும் எழுந்து, கைப்பிடி இல்லாமல், அந்த மரத்தின் நடுவில் நின்று இரண்டு தரம் குதித்தான். வளைவு அசையவில்லை. கீழே தனிஸ்லாஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டேய் அமலநாதா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "உங்கண்ணி வராங்கடா, அதோ கப்பல்ல வராங்க! இன்னா மாதிரி புடவ கட்டியிருக்காங்க!"

அமலநாதன் ஒரு பிடி மணலை அள்ளி மேலே எறிந்தான். அது அவன் தலையிலேயே விழுந்தது.

அன்னக்கிளி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, தொட்டியிலிருந்து இன்னொரு சுருளை இழுத்து, மேலே போகிற கயிற்று நுனியில் கட்டினாள்.

"இழுய்யா!" என்று கத்தினாள். "அந்தப் பக்கத்துக் கட்டும் அவன் போட்டதுதான். அதையும் பாரு."