பெல்க்கி வீட்டு ஓக்

நவம்பர் புயலில் பெல்க்கி வீட்டு முன்னால் நின்ற ஓக் மரம் வேரோடு சாய்ந்தது. காலை ஆறரை மணி இருக்கும். வேலைக்குக் கிளம்பி வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்த ஹார்லன் பெல்க்கியின் மேல் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் அவர் மனைவி நோரீன் சாலையோரம் ஒரு பலகையை நட்டார்: ‘விறகு. இலவசம்.’

எங்கள் ஊரில் அப்படி ஒரு பலகை அரை மணி நேரம்கூட நிற்காது. கரண்ட் கம்பிக்காக வெட்டிப் போட்ட கிளை, இடித்த கொட்டகையின் உத்தரம், ஆற்றில் ஒதுங்கிய கட்டை என்று எதையும் விட்டுவைக்க மாட்டோம். காகித ஆலை மூடிய பிறகு எண்ணெய் எரித்துக் குளிர்காய எத்தனை பேரால் முடியும்? ஆனாலும் அந்த ஓக்கை இரண்டு வாரம் யாரும் தொடவில்லை. மூன்றாவது வாரம் என் கணவன் ரோலண்ட் போனான்.

எட்டு நடை அடித்தான். முதல் நடை வந்தபோதே நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ரோலண்ட், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.”

“ஊருக்கே தெரியும்.”

“அதுல ஒரு துண்டுகூட என் அடுப்புல ஏறக் கூடாது.”

“இப்போ யாரு ஏத்தப் போறா? ஓக் காய ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள நீயும் கொஞ்சம் காஞ்சுடுவே, கொலெட்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் முழுக்க அதைப் பிளந்தான். பழைய சரக்குப் பலகைகளைத் தரையில் போட்டு, ஈரம் ஏறாதபடி அதன் மேல் அடுக்கினான். தலையில் மட்டும் தகரம். காற்று புகுந்து வர நாலு பக்கமும் திறந்துவிட்டான். வெயில் படும் இடம் வேண்டுமென்று தெற்கு வேலியோரம் வைத்ததால் சாலையில் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது. இரும்புக் கடையில் எவனோ, “என்ன ரோலண்ட், கொலைகாரனை வீட்ல வச்சு வளக்கிறியாமே?” என்று கேட்டிருக்கிறான். வந்து என்னிடம் சொல்லிவிட்டு அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் ஒருநாள் நோரீனின் கார் எங்கள் வேலியோரம் வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமல், கண்ணாடியை இறக்காமல், அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். வெளியே போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கார் நகர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மூன்றாவது குளிர்காலம், ஜனவரி. இரண்டு நாள் பனிமழை பெய்து, கம்பிகள் எல்லாம் கண்ணாடிக் குழாய் மாதிரி தடித்து அறுந்தன. கரண்ட் போனது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் அடுப்பும் கரண்ட் இல்லாமல் ஓடாது. நோரீன் வீட்டில் விறகு அடுப்பு கிடையாது. ஹார்லன் போனதும் அதை விற்றுவிட்டார். ரோலண்ட் நடந்தே போய் அவரைக் கூட்டிவந்தான். கோட்டைக் கழற்றாமல் எங்கள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் எங்கள் பிர்ச் விறகு தீர்ந்தது. கொட்டகையில் மிச்சமிருந்தது ஈரக் கட்டை. அதைப் போட்டால் சூடு வராது. புகைபோக்கியில் தார் மாதிரிக் கீல் படிந்து வீடே பற்றிக்கொள்ளும். ரோலண்ட் என்னைப் பார்த்தான். நான் நோரீனைப் பார்த்தேன்.

“வேலியோரம் இருக்கிறது காஞ்சிடுச்சா?” என்று அவரே கேட்டார்.

அவர் எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். தகரத்துப் பனியைத் தட்டிவிட்டு இரண்டு துண்டுகளை உருவி ஒன்றோடொன்று மோதினார். ணங் என்றது. முனைகளில் நட்சத்திரம்போல் வெடிப்பு விட்டிருந்தது.

“நல்லா காஞ்சிருக்கு,” என்றார். “நீ ஏன் கொலெட் அழறே?”

“நீங்க இதைத் தொட வேணாம், நோரீன். நான் எடுத்துட்டு வர்றேன்.”

“அஞ்சு வருஷமா வெட்டணும் வெட்டணும்னு சொன்னாரு. வேர் அழுகிடுச்சு, சாஞ்சுடும்னு ஆளக்கூடக் கூட்டிட்டு வந்து காட்டினாரு. நான்தான் விடல. ஜன்னல்ல அது தெரியலேன்னா வீடு மொட்டையா இருக்கும்னேன்.” துண்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். “இதை நான் யார்கிட்டயும் சொல்லல. பசங்ககிட்டகூட.”

“யாருக்குத் தெரியும், நோரீன், அது...”

“அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு.”

நானும் ஒரு கை விறகு எடுத்துக்கொண்டேன்.

முதல் துண்டை அவர்தான் உள்ளே வைத்தார். நான்கு நாள் அதைத்தான் எரித்தோம். நோரீன் ஒருதரம்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ரொட்டியை நனைத்துச் சூப் குடித்தார், நாற்காலியிலேயே தூங்கினார். கரண்ட் வந்த அன்று நன்றி சொல்லிவிட்டு, வண்டியில் ஏற மறுத்து நடந்தே போனார்.

ஏப்ரலில் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே மகளிடம் போய்ச் சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு முறை நான் அட்டை அனுப்பினேன். பதில் வரவில்லை. ரோலண்ட் கேட்டபோதும் அவர் சொன்னதை நான் சொல்லவில்லை.

மீதி ஓக் அடுத்த குளிர்காலம் முழுக்க வந்தது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நல்ல விறகு எங்களுக்குக் கிடைத்ததில்லை. காலையில் சாம்பலைக் கிளறினாலும் அடியில் கங்கு இருக்கும்.