பெயின்ட் பூசிய பைப்புகள்

பெயின்ட் பூசிய எந்தச் சட்டத்தையும் ஹமீமா நம்புவதில்லை. கணவர் லாபிர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிய பெட்டி வண்டியும் பளபளவென்றுதான் இருந்தது. சட்டத்தின் உள்ளே துரு தின்றிருந்தது, உக்குவளைச் சரிவில் அது ஒடிந்த பிறகுதான் தெரிந்தது. விழுந்த அடியில் அன்றே அவர் மவுத்தானார்.

இப்போது மகள் அம்றா இடியப்பத்தை மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டுபோக, கொழுந்தன் பாறூக் முற்றத்தில் ஒரு பேட்டரி வண்டி கட்டுகிறான். இரும்பு போட்டால் கனத்துக்கு மேடு ஏறாது என்று அலுமினியம் பைப்பு கொண்டுவந்தான். நீலப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"எங்க வாங்கினது?"

"தம்புள்ளையில, மதினி. பழைய சாமான் கடையில."

"பழசுக்கு யாரு புதுப் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். வடிவா இருக்கட்டும்னு."

"இடியப்ப வண்டிக்கு என்னத்துக்கு வடிவு?"

பாறூக் சிரித்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்றாவும் மெல்லக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவன் அஸர் தொழப் போனதும் ஹமீமா கத்தியால் சுரண்டினாள். துருவில்லை, வெடிப்பில்லை. ஆனால் நுனிகளில், கை பிடிக்கும் அகலத்துக்கு, பைப்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கத்தில் பள்ளிவாசலின் பிறைக்குறி. மையித்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகும் சந்தூக்கின் பைப்புகள். லாபிரை இந்த வாசலிலிருந்து கொண்டுபோனதும் இதில்தான்.

"ஏன் பொய் சொன்ன?" பாறூக் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"சந்தூக்குன்னு சொன்னா விடுவீங்களா? பள்ளிக்குப் புதுசு வந்திருச்சு. பழசை ஜும்ஆ முடிஞ்சு ஏலம் போட்டாங்க, நான் எடுத்தேன். அம்றாவுக்குத் தெரியும்."

"அத விடு. ஒடியுமா?"

"நஜீம் ஹாஜியார்ட மையித்து எவ்வளவு கனம்! தூக்குறப்ப எங்கட தோள்தான் இறங்கிச்சு, பைப்பு வளையல்ல."

ஹமீமாவுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "ஒட்டுற இடம்?"

"வெல்டிங் வச்சா அந்த இடம் பலம் குறைஞ்சிரும். எல்லாம் போல்ட்டுதான்."

"பெயின்ட்ட முழுக்கச் சுரண்டு. உள்ளது எனக்குத் தெரியணும்."

வண்டி பெயின்ட்டே இல்லாமல் வெள்ளை வெளேரென்று முடிந்த அன்று பாறூக் அரிசி மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். ஹமீமா மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டுத் தானே பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மதினி, விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா என் மகள் ஏற மாட்டா. ஓட்டு."

உக்குவளைச் சரிவு முழுக்க அவள் கை அந்தத் தேய்ந்த இடத்தை விடவில்லை. கீழே வந்து இறங்கியவள், ஒவ்வொரு போல்ட்டாக விரலால் திருகிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. இன்னொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்து சாவியை அம்றாவிடம் கொடுத்தாள்.