அரையடிக்கு ஆறடி

பீளமேட்டில் சாராள் டீச்சரின் வீட்டிலிருந்து மெயின் ரோட்டு பேக்கரி கால் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆறு வருடங்களில் அந்தத் தூரத்தை அவள் ஒருமுறைகூடத் தனியாகக் கடந்ததில்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவள் முதுகுத்தண்டில் வளர்ந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, கால்கள் தங்கவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். பள்ளி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு டியூஷன் எடுத்தாள். கணவர் பாக்கியசாமி பம்ப்செட் பட்டறையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். எங்கே படி வந்தாலும் பக்கத்தில் ஒரு ஆளைக் கூப்பிட்டு, நாற்காலியோடு சேர்த்து அவளைத் தூக்கிவிடுவார். சர்ச் படி, ஆஸ்பத்திரிப் படி, கல்யாண மண்டபப் படி எல்லாம் அப்படி ஏறியவைதான். “என்ற சாராளு பூ மாதிரிங்க” என்று பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வார். அந்தப் பூ அறுபத்தெட்டு கிலோ என்பது அவருடைய இடுப்புக்கு மட்டும் தெரியும்.

போன தை மாதம் மெயின் ரோட்டில் புதிதாக நடைபாதை போட ஆரம்பித்தார்கள். வண்டிகள் பறக்கிற அந்த ரோட்டில் இறங்கப் பயந்துகிடந்த சாராளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் கணவரைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லி, வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் அவள் முகம் வாடிவிட்டது. நடைபாதை அரையடி உயரம். அதில் ஏறுவதற்கு மேஸ்திரி யூனுஸ் போட்டிருந்த சாய்தளம் இரண்டடி நீளம்தான், மலை மாதிரி செங்குத்தாக நின்றது. அதற்கு மேல், பைக்குகள் ஏறிவிடாமல் இருக்க இரண்டடிக்கு ஒன்றாக இரும்புக் குழாய்கள் நட்டிருந்தார்கள். அவள் நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம்.

கான்ட்ராக்டரின் இன்ஜினியர் லட்சுமணசாமி அங்கேதான் நின்றிருந்தார்.

“ஏனுங்க சார், இந்தக் குழாய்க்கு நடுவுல என்ற சேர் போகாதுங்களே. மூணடி இடம் வேணுமுங்க.”

“மூணடி உட்டா பைக்கு பூந்துருமுங்க டீச்சர்.”

“பைக்குக்காரனை நான் திட்டிக்கறனுங்க. குழாயைத் திட்டி என்னங்க பண்றது?”

யூனுஸ் சிரித்துவிட்டான். லட்சுமணசாமிக்கும் சிரிப்பு வந்தது. தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து பாக்கியசாமி குறுக்கே வந்தார்.

“அட, உடுங்க சார். இதுக்குப் போயி நட்ட குழாயைப் புடுங்கோணுமா? நான் இவளைச் சேரோட தூக்கி அக்கட்டால வெச்சுக்கறனுங்க.”

“அப்பறமென்னுங்க டீச்சர், சாரே தூக்கிக்கறேங்கறாரு” என்று இன்ஜினியர் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீடு வந்ததும் சாராள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாக்கியசாமி காபி கலந்து கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“என்ன சாராளு, நான் என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்?”

“தப்புன்னு சொல்லலைங்க.” அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “ஆறு வருசமா நான் தனியா ஒரு இடம் போனதில்லை. உங்க மேல கோவம் வந்தாக்கூட கோவிச்சுக்கிட்டுத் தெருமுனையைத் தாண்டிப் போக முடியறதில்லை. அதுக்கும் நீங்கதான் தள்ளிக்கிட்டு வரோணும்.”

பாக்கியசாமிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவள் கண்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தூக்கிவிடுவதைத் தவிர தன்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது ஏதுமில்லை என்று இத்தனை நாளாக நம்பியிருந்தார். தூக்குகிற கை ஒருத்திக்கு அலுத்துப்போகவும் கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை. காபித் தம்ளரை அவள் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே தெருமுனையில் போய் நின்றார். லட்சுமணசாமி பைக்கை நிறுத்தியதும் கிட்டே போனார்.

“சார், நேத்து தூக்கிக்கறேன்னு சொன்னனுங்களே, அதை வாபஸ் வாங்கிக்கறனுங்க. எனக்கும் அம்பத்தெட்டு ஆச்சு. நான் இல்லாதப்பவும் அவ போகோணுமில்லீங்களா?”

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினார். பிறகு யூனுஸைக் கூப்பிட்டு, ஒரு குழாயைப் பிடுங்கித் தள்ளி நடச் சொன்னார். சாய்தளத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று டீச்சரையே கேட்டுவிடலாம் என்றார்.

பாக்கியசாமி ஓடிப்போய் அவளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னெண்டு பங்கு நீளம். அரையடிக்கு ஆறடி. கணக்கு அவ்வளவுதானுங்க” என்றாள் சாராள்.

யூனுஸுக்குக் கணக்கில் நம்பிக்கையில்லை, கண்ணால் பார்க்க வேண்டும். சாரப் பலகைகளைக் கொண்டுவந்து சாய்த்துப் போட்டான். இரண்டடிப் பலகையில் அவள் ஏறப் பார்த்தபோது முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்னால் சரிந்தது. பாக்கியசாமி பாய்ந்து பிடித்து நேராக்கினார். நாலடிப் பலகையில் பாதி ஏறி நின்றுவிட்டது.

ஆறடிப் பலகை போட்டதும், “கையை எடுங்க” என்றாள்.

அவர் கைகளைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தை உந்தினாள். தோள் நடுங்கியது. மெல்ல மெல்ல ஏறி, மேலே போய்த் திரும்பி, குழாய்களுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். ஆறு வருடங்களில் முதல்முறையாக, அவர் தூக்காமல் ஏறிய இடத்திலிருந்து அவரைப் பார்த்தாள்.

“எங்கம்மாவும் கோல் ஊனித்தான் நடக்குதுங்க. அதுக்கும் இதுதான் தோதா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே யூனுஸ் சாக்பீஸால் கோடு போட்டான்.

சிமெண்ட் நன்றாக இறுகப் பத்து நாள் விட்டார்கள். பதினோராம் நாள் மதியம் மூன்று மணிக்கு சாராள் மடியில் பையை வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். “பேக்கரி வரைக்கும் போயிட்டு வாரேனுங்க.” பாக்கியசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வரக்கூடாது என்று அவரிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

நாலு மணிக்கு வரவில்லை. இரண்டு தடவை போன் அடித்தார், எடுக்கவில்லை. ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டினார், கழற்றினார். மனசு ஆறாமல், அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். ஐந்தே முக்காலுக்குக் கேட் கிறீச்சிட்டது.

“பேக்கரிக்குன்னுதான போன?”

“நடைபாதை பஸ் ஸ்டாப் வரைக்கும் போகுதுங்க. நானும் போயிட்டேன்.” முகமெல்லாம் வியர்வை. பையிலிருந்து தேங்காய் பன்னை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “போனு பைக்குள்ள சைலன்ட்டுல கெடந்துதாட்ட இருக்குது. பயந்துட்டீங்களா?”

“இல்லையே” என்றார், வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அடுப்பு வேலை முடியும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாப்பில் இரண்டு கல்லூரிப் பெண்கள் சண்டை போட்டு, பஸ் வருவதற்குள் ராசியானது. பழைய மில் சுவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜூஸ் கடை வந்திருப்பது. அவளிடம் எட்டாம் வகுப்புப் படித்த லியோ, இப்போது தாடியும் மீசையுமாக ஐடி கம்பெனி அட்டையோடு வந்து, “டீச்சர், நீங்களா!” என்று பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பேசியது.

ஆறு வருடமாக அவள் பார்த்ததையெல்லாம் அவரும் கூடவே பார்த்திருந்தார். அவருக்குத் தெரியாத சேதி ஒன்றுகூட அவளிடம் இருந்ததில்லை. பாக்கியசாமி குக்கரை இறக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ளைங்க எதுக்குச் சண்டை போட்டுக்கிச்சாம்? மொதல்ல இருந்து சொல்லு.”