முதல் சீட்டு

நாராயணப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். களி உருண்டை பாதி அப்படியே இருந்தது.

"ஒரு பாடம் படி, வேணாங்கல. வேலைக்கும் போயிகிட்டு ரெண்டு பாடம் எதுக்கு? ரெண்டையும் படிச்சு எந்த ஊரை ஆளப் போற?"

தங்கை மங்கம்மா சமையலறைக் கதவுக்கு உள்பக்கமாகவே நின்றிருந்தாள். அண்ணன் வெளியே கிளம்பும்போது அவள் எதிரே வரக்கூடாது. பதினெட்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துக் கெலமங்கலத்துக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போதெல்லாம் யாரும் சொல்லவேண்டியதுகூட இல்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் கால் தானாகப் பின்வாங்கும்.

ஓசூரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் அவள் ஆசிரியை. வித்வான் பரீட்சையில் தமிழும் தெலுங்கும் தேறினால் அங்கேயே உயர்நிலைப் பள்ளியில் வேலை கிடைக்கும். எல்லையோர ஊர், இரண்டு பாஷையும் சொல்லித் தருபவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தங்க ஓர் அறையும் தருவார்களாம். அந்த அறையில் யாருக்கும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. தமிழ் மட்டும் தேறினால் மரியாதை கொஞ்சம் கூடும். கதவின் உள்பக்கம் நிற்பது மாறாது.

தமிழ்ப் பண்டிதர் சாயங்காலம் பாடம் சொன்னார். தெலுங்குப் பண்டிதருக்குக் காலையில்தான் ஒழியும். அதற்குக் கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் அவள் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்துக்குச் சூடம் காட்டிவிட்டு வந்த கண்டக்டர் திம்மராயன் அவளைக் கண்டதும் தயங்கினான். மெதுவாக இறங்கச் சொன்னான். அன்றைய முதல் சீட்டை விதவைக்குக் கிழிப்பதில்லையாம்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. எங்கக்காளும் உங்களாட்டம்தான் வூட்ல இருக்குது. மொதல் சீட்டு மட்டும் வேற கைக்குப் போயிரட்டும். அப்பறம் எங்க வேணா ஒக்காருங்க."

அவன் கெட்டவன் அல்ல. அதனாலேயே அவளால் சண்டை போட முடியவில்லை. ஆனால் சந்தை நாள் தவிர அந்த நேரத்துக்கு வேறு ஆள் வருவதில்லை. பஸ் போய்விடும், அவள் நின்றுகொண்டிருப்பாள். அடுத்த பஸ் பள்ளிக்கூடத்துக்குத்தான் சரியாக இருக்கும், பாடத்துக்கு உதவாது.

ஒருநாள் அவரைக்காய்க் கூடையுடன் பாப்பம்மா வந்தாள். ஊருக்கு வெளியே கூலிக்காரர்கள் குடியிருப்பில் இருப்பவள். பஸ்ஸில் அவளை இருக்கையில் உட்கார விடமாட்டார்கள். பின்னால் தரையில்தான் இடம். ஆனால் நெற்றியில் குங்குமம் இருந்ததே, முதல் சீட்டு அவளுக்குத் தாராளமாகக் கிழிந்தது. கீழே நிற்கும் மங்கம்மாவைப் பார்த்ததும் பாப்பம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். விற்கக் காய் இல்லாத நாளில் அடுத்த ஊர்வரை சீட்டு வாங்கி, இறங்கி, வரப்பு வழியாகத் திரும்பி நடந்து கூலிக்குப் போனாள். மங்கம்மா காசு நீட்டினால் வாங்கமாட்டாள்.

"நான் ஏறாம இந்த வண்டி நவுறாது டீச்சரம்மா. மாரியாத்தா ஆயிட்டேன். ஒக்காரத்தான் எடம் குடுக்க மாட்டேங்கறானுங்க" என்று சிரிப்பாள்.

பெரிய கதவுகளைத் திறக்க மறந்தாலும், சாமி இப்படி யாரையாவது அனுப்பிவைக்கிறார் என்று மங்கம்மா நினைத்துக்கொண்டாள். தெலுங்கு அவளுக்கு நன்றாக வந்தது. தை மாதக் கடைசிக்குள் பரீட்சைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பாடமும் எழுதுவதென்று தீர்மானித்திருந்தாள்.

பொங்கலுக்கு முன்பு பாப்பம்மாவின் புருஷன் கங்கப்பன் காய்ச்சலில் இறந்துபோனான்.

மங்கம்மா மறுபடியும் பஸ் புறப்படுவதைப் பார்த்து நின்றாள். பாடம் ஒவ்வொன்றாகத் தவறியது. காரியம் முடிந்த சில நாளில் பாப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், வயிறு காத்திருக்காதே. நெற்றி வெறுமையாக இருந்தது. பஸ்ஸருகே வராமல் சற்றுத் தள்ளி நின்றாள்.

சூடத் தட்டோடு நின்ற திம்மராயன் இருவரையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு டிரைவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், விசில் ஊதினான். எல்லா இருக்கையும் காலியாக இருக்க, பஸ் கிளம்பிப் போயிற்று.

"உங்க படிப்பையும் சேத்து எடுத்துகிட்டுப் போயிட்டான் டீச்சரம்மா எம் புருசன்" என்றாள் பாப்பம்மா.

மங்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் அப்படி யாரும் பிடிப்பதில்லை. பாப்பம்மா பதறிக் கையை உருவப் பார்த்தாள், மங்கம்மா விடவில்லை. இருவரும் அப்படியே கடைத்தெரு வழியாக நடந்தார்கள். திறந்துகொண்டிருந்த கடைகள் பார்த்தன.

விண்ணப்பத்தில் தமிழ் மட்டும் எழுதினாள். அண்ணனுக்குச் சந்தோஷம். யாரும் வற்புறுத்தாமல் தானாகவே நல்ல முடிவுக்கு வந்துவிட்டாள் என்று அண்ணியிடம் மெச்சிக்கொண்டார்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது பள்ளித் தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெலுங்கு நல்லா வருதுன்னு பண்டிதர் சொன்னாரே. ஏம்மா விட்டுட்டீங்க?"

"காலையில வர பஸ் இல்லீங்க சார்."

"என்னம்மா இது, முதல் பஸ் தினமும் ஓடுதே. நானே பாக்கறேனே."

"ஓடுதுங்க சார்" என்றாள் மங்கம்மா. "காலியாத்தான் ஓடுது."